பத்து மணித் தட்கலும் தரவுத்தள இணைப்பும்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சோழபுரம் வட்டாரத்திலிருந்து வேலைக்காகவும் படிப்புக்காகவும் சென்னைக்குச் சென்றவர்கள் பண்டிகைக் காலங்களில் ஊர் திரும்பப் பெரிதும் நம்பியிருப்பவை, எழும்பூருக்கும் செங்கோட்டைக்கும் இடையே ஓடும் பொதிகை விரைவு வண்டி போன்ற ஒருசில ரயில்களே. அவற்றில் இடம் பிடிப்பதற்குப் பயண நாளுக்கு 60 நாள் முன்னதாகக் காலை 8 மணிக்கும், அது தவறினால் தட்கல் முறையில் முந்தைய நாள் குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணிக்கும், மற்ற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் ஐஆர்சிடிசி தளம் திறக்கிறது. அந்த வேளையில் நாடு முழுவதிலுமிருந்து இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் அதை மொய்ப்பதால், கணினித் துறையில் தரவுத்தள இணைப்பு மேலாண்மை என வழங்கும் பொருளை விளக்குவதற்கு ரயில் முன்பதிவைக் காட்டிலும் பொருத்தமான எடுத்துக்காட்டு இந்தியாவில் அரிது.

பயணியின் கோரிக்கையை வாங்கிக்கொள்ளும் செயலிச் சர்வர்களும், இருக்கைக் கணக்கைப் பதிந்து வைத்திருக்கும் தரவுத்தளமும் பொதுவாகத் தனித்தனி இயந்திரங்களில் இயங்குகின்றன. இவ்விரண்டுக்கும் இடையே திறந்து வைக்கப்படும் பேச்சுவழியே இணைப்பு எனப்படுகிறது. எத்தனை இணைப்புகளை வைத்துக்கொள்வது, ஒவ்வொன்றையும் எவ்வளவு நேரம் பிடித்து வைப்பது, அறுந்தால் எப்படி மீட்பது என்னும் மூன்று வினாக்களுக்கும் சரியான விடை கண்ட அமைப்பு நடுத்தர இயந்திரங்களைக் கொண்டே பெருங்கூட்டத்தைத் தாங்கிவிடும். விடை காணாத அமைப்போ எத்தனை விலையுயர்ந்த இயந்திரத்தை வாங்கிப் போட்டாலும் கூட்டம் வந்தவுடன் திணறிவிடும்.

பதிவேட்டிலிருந்து கிளஸ்டர் வரை

கணினி வருவதற்கு முன்பு, ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் உரிய முன்பதிவு தாள் பதிவேட்டில் எழுதப்பட்டது. ஒரு பதிவேட்டை ஒரு நேரத்தில் ஓர் எழுத்தர்தான் கையில் வைத்து எழுத முடியும் என்பதால், எந்த வண்டிக்கு இடம் வேண்டுமோ அந்த வண்டிக்குரிய கவுண்டரில்தான் நிற்க வேண்டியிருந்தது. 1985இல் புதுதில்லியில் கணினி வழி முன்பதிவு தொடங்கப்பட்டு, பிறகு மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய மையங்களுக்கும் பரவியது. ரயில்வேயின் தகவல் அமைப்பு மையமான கிரிஸ் உருவாக்கிய கான்சர்ட் என்னும் மென்பொருளின் வழியாக, 1999 ஏப்ரலில் இந்த ஐந்து மையங்களும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட பின்னரே, எந்த ஊர்க் கவுண்டரிலிருந்தும் எந்த இரு ஊர்களுக்கு இடையேயும் டிக்கெட் எடுப்பது இயல்பாயிற்று. 2002 ஆகஸ்டில் ஐஆர்சிடிசியின் இணையவழி விற்பனை தொடங்கியபோது, கவுண்டர்களின் எண்ணிக்கை விதித்திருந்த எல்லையும் மறைந்தது.

ஆயினும் பதிவேட்டுக் காலத்தின் அடிப்படைக் கட்டுப்பாடு மறையவில்லை. ஒரே படுக்கையை இருவருக்கு விற்றுவிடக் கூடாதெனில், அப்படுக்கைக்குரிய பதிவை ஒரு நேரத்தில் ஒருவர்தான் மாற்ற முடியும் என்னும் பூட்டு, கணினித் தரவுத்தளத்திலும் இருந்தே தீர வேண்டும். கவுண்டர் வரிசையாக இருந்த காத்திருப்பு, கண்ணுக்குத் தெரியாத வேறோர் இடத்துக்குப் பெயர்ந்திருக்கிறது. அது எங்கே நிகழ வேண்டும் என்பதை வடிவமைப்பாளர் தீர்மானிக்கவில்லையென்றால், தரவுத்தளத்துக்கு உள்ளேயே, மிக மோசமான இடத்தில், தானாகவே நிகழும்.

சுமையின் அளவை ரயில்வே வெளியிட்ட எண்களே காட்டுகின்றன. 2025 மே 22 அன்று காலை 10 மணிக்கு ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவாயின. அமைப்பின் அப்போதைய திறன் நிமிடத்துக்குச் சுமார் 32,000 டிக்கெட்டும் 4 இலட்சம் விசாரணைகளும் எனவும், உருவாகிவரும் புதிய அமைப்பு அவற்றை முறையே 1.5 இலட்சமாகவும் 40 இலட்சமாகவும் உயர்த்தும் எனவும் அடுத்த மாதம் அமைச்சகம் அறிவித்தது. இனி வரும் விதிகள் எந்த நிறுவனத்தின் தரவுத்தளத்துக்கும் பொருந்தும் பொது விதிகள். ரயில்வேயின் எண்கள் அவற்றின் எடையை உணர்த்துவதற்காக இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

ஓர் இணைப்பின் விலை

புதிய இணைப்பு ஒன்று திறக்கப்படும்போது நிகழ்வதைச் சற்று அருகிலிருந்து காண்பது பயன் தரும். பரவலாகப் பயன்படும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை எடுத்துக்கொண்டால், முதலில் இரு இயந்திரங்களும் பிணையத்தில் ஒன்றையொன்று அறிந்து கைகுலுக்குகின்றன. பிறகு பேச்சு மறையாக்கம் செய்யப்பட வேண்டுமா எனக் கேட்டு, அதற்கான திறவுகோல்களைப் பரிமாறிக்கொள்கின்றன. அதன்பின் பயனர் பெயரும் தரவுத்தளத்தின் பெயரும் அனுப்பப்பட்டு, கடவுச்சொல் வெளிப்படாதவாறு கணித முறையில் சரிபார்க்கப்படுகிறது. இவற்றுக்காகச் செய்தி ஏறத்தாழ ஆறு முறை போய் வருகிறது. இதற்கிடையே தரவுத்தளச் சர்வர் அந்த ஓர் இணைப்புக்காகவே தனியொரு செயல்முறையைத் தன் இயக்க முறைமையில் தொடங்கி, அதற்கெனத் தனி நினைவகத்தையும் ஒதுக்குகிறது. இத்தனைக்கும் பிறகு கேட்கப்படும் கேள்வி, 'இந்த வண்டியில் இடம் உண்டா' என்பது போல, சில மில்லிசெகண்டில் விடை கிடைத்துவிடும் கேள்வியாக இருக்கலாம்.

இந்தச் செலவு காரணமாகவே தரவுத்தளங்கள் இணைப்புகளுக்கு உச்சவரம்பு விதிக்கின்றன. போஸ்ட்கிரெஸில் மாற்றியமைக்காத நிலையில் அவ்வரம்பு 100; அவற்றுள் 3, நெருக்கடியில் நிர்வாகி நுழைவதற்காக ஒதுக்கப்பட்டவை. இணைப்புக்கு ஒரு செயல்முறைக்குப் பதிலாக ஓர் இழையை (த்ரெட்) ஒதுக்கும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் அது 151. வரம்பை எட்டியபின் வரும் கோரிக்கை, காத்திருக்க வைக்கப்படாமல், பிழைச் செய்தியுடன் திருப்பி அனுப்பப்படுகிறது. அத்தகைய பிழையைக் கண்டவுடன் வரம்பைப் பல ஆயிரமாக உயர்த்திவிடுவதே பலரும் முதலில் செய்வது. ஆனால் செயலகத்தில் 16 மையக்கருக்கள் (கோர்) கொண்ட இயந்திரம் எந்தக் கணத்திலும் சில பத்து வேலைகளைத்தான் உண்மையில் முன்னெடுக்க முடியும் என்பதால், எஞ்சிய ஆயிரக்கணக்கான இணைப்புகள் நினைவகத்தைத் தின்று, பூட்டுகளுக்காக ஒன்றோடொன்று முட்டி, எல்லாருடைய வேலையையும் சேர்த்தே தாமதப்படுத்துகின்றன.

பூல் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்

இதற்குத் துறையினர் கண்ட தீர்வு கனெக்‌ஷன் பூல் எனப்படுகிறது. செயலி தொடங்கும்போதே குறிப்பிட்ட எண்ணிக்கையில் இணைப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோரிக்கைக்கும், நூலகத்தில் நூலை இரவல் எடுத்துத் திருப்புவதுபோல, அவற்றுள் ஒன்றை எடுத்து வேலை முடிந்ததும் திருப்பி வைப்பதே இதன் செயல்முறை. ஜாவா உலகில் பெரிதும் வழங்கும் ஹிகாரி என்னும் பூல் மென்பொருள், மாற்றியமைக்காத நிலையில், 10 இணைப்புகளுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை என்பது புதியவர்களுக்கு வியப்பளிக்கும்.

இவ்வளவு சிறிய எண் ஏன் போதுமானதாகிறது என்பதை, ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய வரிசைக் கோட்பாட்டு விதி விளக்குகிறது. ஓர் அமைப்புக்குள் ஒரே நேரத்தில் இருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை, நொடிக்கு வரும் வேலைகளையும் ஒவ்வொரு வேலையும் உள்ளே தங்கும் நேரத்தையும் பெருக்கினால் கிடைக்கும் எண்ணுக்குச் சமம் என்பதே அவ்விதி. நிமிடத்துக்கு 31,814 டிக்கெட் என்பது நொடிக்குச் சுமார் 530. ஒவ்வொரு டிக்கெட்டுக்கான எழுத்து வேலையும் இணைப்பொன்றை 20 மில்லிசெகண்டு பிடித்து வைப்பதாக எடுத்துக்காட்டுக்காகக் கொண்டால், ஒரே நேரத்தில் தேவைப்படும் இணைப்புகள் சராசரியாக 11தான். அதே வேலை 3 நொடி நீடித்தால் 1,590 இணைப்புகள் வேண்டும். பயணி வங்கியின் ஓடிபியைத் தட்டச்சு செய்து முடிக்கும் வரை, ஒரு நிமிடம் இணைப்பைப் பிடித்து வைக்கும் மோசமான வடிவமைப்பில், 31,814 இணைப்புகளும் ஒரே நேரத்தில் திறந்திருக்க வேண்டும். கூட்டம் மூன்றிலும் ஒன்றுதான். மாறியது இணைப்பைப் பிடித்து வைத்திருக்கும் நேரம் மட்டுமே.

சராசரி 11 எனில் ஏற்ற இறக்கத்துக்கு இடம் விட்டுச் சற்றே கூடுதலாக வைத்துக்கொண்டு, உண்மையான சுமையில் அளந்து பார்த்துத் திருத்துவதே முறை. தொடக்க மதிப்பீடாக, தரவுத்தள இயந்திரத்தின் மையக்கருக்களை இரண்டால் பெருக்கி, அத்துடன் வட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டும் சூத்திரம் ஒன்று போஸ்ட்கிரெஸ் வட்டாரத்தில் நெடுங்காலமாக வழங்குகிறது. அவ்வாறு கிடைக்கும் எண் ஒரு செயலிச் சர்வருக்கு உரியதன்று, தரவுத்தளத்தை அணுகும் அனைத்துச் செயலிகளுக்கும் சேர்த்து உரியது. ஒவ்வொன்றிலும் 20 இணைப்புகள் கொண்ட பூல் அடக்கமாகத்தான் தோன்றும். ஆனால் கூட்டம் கண்டு தானாகவே 40 செயலிச் சர்வர்கள் எழும்பும் மேகக் கணினி அமைப்பில் அது 800 இணைப்புகளாகிவிடுகிறது. புதிய பதிப்பை நிறுவுகையில் பழைய சர்வர்களும் புதியவையும் சிறிது நேரம் சேர்ந்தே இயங்குவதால், அந்த எண் இரட்டிக்கவும் கூடும்.

சர்வர்கள் இவ்வாறு பெருகும் இடங்களில், செயலிகளுக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவே தனியொரு பூல் மென்பொருளை நிறுத்துவது வழக்கம். ஸ்கைப் நிறுவனத்தில் பிறந்து 2007இல் வெளியான பிஜிபௌன்சர் இவ்வகையைச் சேர்ந்தது. ஆயிரக்கணக்கான செயலி இணைப்புகளைக் குறைந்த நினைவகத்தில் தன்னிடம் நிறுத்திவைத்துக்கொண்டு, ஒரு பரிவர்த்தனை நடக்கும் நேரத்துக்கு மட்டும் உண்மையான தரவுத்தள இணைப்பொன்றை அது ஒதுக்கித் தருகிறது. பரிவர்த்தனை என்பது முழுவதும் நிறைவேற வேண்டிய, இல்லையேல் முழுவதும் கைவிடப்பட வேண்டிய வேலைத் தொகுதி. ஒரு பரிவர்த்தனை முடிந்ததும் அதே இணைப்பு வேறொருவர் கைக்குச் சென்றுவிடுவதால், இணைப்பில் தங்கும் அமைப்புகளையும் தற்காலிக அட்டவணைகளையும் நம்பி எழுதப்பட்ட நிரல் இம்முறையில் பிழைபடும் என்பதை முன்கூட்டியே கருத வேண்டும்.

பிடித்து வைக்கும் நேரத்தைச் சுருக்குதல்

இணைப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெளியார் எவருக்காகவும் காத்திருக்கக் கூடாது என்பது இத்துறையின் முதல் ஒழுக்கம். படுக்கையைக் குறிப்பிட்ட நிமிடங்களுக்கு ஒதுக்கியதாகச் சிறு பரிவர்த்தனையில் எழுதி முடித்து, இணைப்பைத் திருப்பிவிட்டு, வங்கியின் விடை வந்தபின் வேறோர் இணைப்பை எடுத்து உறுதிசெய்வதும், விடை வராவிட்டால் ஒதுக்கீட்டைக் காலாவதியாக்குவதுமே சரியான வடிவமைப்பு. மின்னஞ்சல் அனுப்புதல், கோப்பு உருவாக்குதல், பிற நிறுவனங்களின் சேவையை அழைத்தல் ஆகிய எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

எழுதிய நிரலில் பிழை நேரும்போது இணைப்பைத் திருப்ப மறந்துவிடுவது கசிவு எனப்படுகிறது. ஒவ்வொரு பிழைக்கும் ஒவ்வோர் இணைப்பாகத் தொலைந்து, பூல் வற்றி, எந்தக் காரணமும் இல்லாமல் செயலி நின்றுவிட்டதுபோல் தோன்றும் நிலை இதனால் ஏற்படுகிறது. ஆகையால் வேலை வென்றாலும் தோற்றாலும் இணைப்பு திரும்பியே தீரும் வகையில் நிரலை அமைப்பதோடு, மூன்று கால வரம்புகளையும் விதிக்க வேண்டும். பூலில் இணைப்பு கிடைக்க எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பது முதலாவது; தரவுத்தளத்திடம் கேட்கும் ஒரு வினவல் எவ்வளவு நேரம் ஓடலாம் என்பது இரண்டாவது; பரிவர்த்தனையைத் தொடங்கிவிட்டு எதுவும் செய்யாமல் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பது மூன்றாவது. கடைசியாகச் சொன்னதே மிகவும் கொடியது. அவ்வாறு தூங்கும் பரிவர்த்தனை தன் பூட்டுகளை விடாமல் வைத்திருப்பதால், அதே பதிவுக்காகப் பின்னால் வரும் எல்லாரையும் நிறுத்திவிடும்.

பூலில் காத்திருக்கும் நேரத்துக்குக் குறுகிய வரம்பு விதிப்பது பயணிக்கு எதிரானதாகத் தோன்றலாம். ஆனால் சில நொடிகளில் 'பிறகு முயலவும்' என்னும் விடையைப் பெறுபவர், இரண்டு நிமிடம் சுழலும் வட்டத்தைப் பார்த்திருந்து வெறும் திரையைப் பெறுபவரைவிட நல்ல நிலையில் இருக்கிறார். அமைப்பும், விடைக்காக எவரும் காத்திராத வேலைகளைச் செய்து நேரத்தை வீணாக்குவதிலிருந்து தப்புகிறது.

படிப்பது வேறு, எழுதுவது வேறு

ஒரே தரவுத்தளத்தைப் பல இயந்திரங்கள் சேர்ந்து தாங்கும் அமைப்பே கிளஸ்டர். அதன் பொதுவான வடிவத்தில், எழுதும் வேலையை ஏற்பது முதன்மைச் சர்வர்; அதன் மாற்றங்களை வாங்கித் தம்மிடமும் பதிந்துகொள்பவை நகல் சர்வர்கள். நிமிடத்துக்கு 32,000 டிக்கெட்டுக்கு 4 இலட்சம் விசாரணை என்னும் விகிதத்தில், ஓர் எழுத்துக்குப் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட வாசிப்புகள் நிகழ்கின்றன. திட்டமிடப்பட்ட புதிய அமைப்பில் அது 26ஐத் தாண்டுகிறது. விசாரணைகளை நகல்களிடம் அனுப்பிவிட்டு எழுத்தை மட்டும் முதன்மைக்கு விடுவதற்கு, செயலி இரு தனிப் பூல்களை வைத்துக்கொள்வதே தெளிவான வழி. அப்போது விசாரணைக் கூட்டம் எவ்வளவு பெருகினாலும், பணம் செலுத்தி டிக்கெட்டை உறுதிசெய்யும் பயணிக்குரிய இணைப்புகளை அது விழுங்காது.

நகல் சர்வர் முதன்மையைவிடச் சிறிது பின்தங்கியே இருக்கும் என்பதை மறந்தால் இந்த ஏற்பாடு தீங்கு விளைவிக்கும். டிக்கெட்டை எடுத்த மறுநொடியே தன் பயணப் பட்டியலைத் திறக்கும் பயணிக்கு, நகலிலிருந்து விடை தந்தால் டிக்கெட் இல்லை எனக் காட்டக்கூடும். அவர் பதறி இரண்டாம் முறை எடுக்கவும் கூடும். தான் எழுதியதைத் தானே உடனே படிப்பவருக்கு முதன்மையிலிருந்தும், இருக்கை நிலவரத்தைப் பொதுவாகப் பார்ப்பவருக்கு நகலிலிருந்தும் விடை தர வேண்டும்.

முதன்மை மாறும் தருணம்

முதன்மைச் சர்வர் செயலிழந்தால் நகல்களுள் ஒன்று அதன் இடத்தைப் பிடிக்கிறது. அப்பொழுது செயலியின் பூலில் இருக்கும் இணைப்புகள் யாவும் இறந்த இயந்திரத்தை நோக்கியவையே. ஆனால் மறுமுனை சொல்லாமல் மறைந்துவிட்டால் அவை இறந்ததைச் செயலி அறியாது. லினக்ஸ் இயக்க முறைமை, மாற்றியமைக்காத நிலையில், பேச்சற்ற இணைப்பு ஒன்று உயிருடன் உள்ளதா எனச் சோதிக்க 2 மணி நேரம் காத்திருக்கிறது. பத்து மணித் தட்கலுக்கு இது பயன்படாது. ஆகவே இச்சோதனை இடைவெளியைச் சில பத்து நொடிகளாகக் குறைப்பதும், இணைப்புகளுக்கு அதிகபட்ச ஆயுளை வரையறுத்துப் பழையவற்றைப் புதுப்பிப்பதும், சர்வரின் பெயருக்கு உரிய முகவரியை நெடுநேரம் நினைவில் வைத்துக்கொள்ளாமல் மீண்டும் மீண்டும் கேட்டறிவதும் தேவையாகின்றன. ஒரே முகவரிக்குப் பதிலாகக் கிளஸ்டரின் எல்லாச் சர்வர்களையும் பட்டியலிட்டு, 'எழுத அனுமதிப்பவரோடு இணை' எனக் கேட்கும் வசதி 2017இல் வெளியான போஸ்ட்கிரெஸ் பதிப்பு 10இலிருந்தே உள்ளது.

முதன்மை மாற்றம் வெற்றிபெற்றாலும் இணைப்புகள் தோற்கலாம் என்பதற்கு, நிரலாளர் உலகம் முழுவதும் பயன்படுத்தும் கிட்ஹப் நிறுவனத்துக்கு 2018 அக்டோபர் 21 அன்று நேர்ந்தது சான்று. பராமரிப்புப் பணியின்போது அமெரிக்கக் கிழக்குக் கரையில் பிணையத் தொடர்பு 43 நொடி மட்டுமே அறுந்தது. அதற்குள் தானியங்கி மென்பொருள் மேற்குக் கரைச் சர்வர்களை முதன்மையாக்கிவிட்டது. கிழக்கில் இயங்கிய செயலிகள் ஒவ்வோர் எழுத்துக்கும் கண்டத்தைக் கடந்து போய்வர நேர்ந்ததால் அவற்றால் ஈடுகொடுக்க முடியவில்லை. கிழக்கில் அதற்கு முந்தைய சில நொடிகளில் எழுதப்பட்டவை மேற்கைச் சென்றடைந்திருக்கவும் இல்லை. சேவை முழுமையாகச் சீரடைய 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. முதன்மை எங்கெல்லாம் மாறக்கூடுமோ அங்கெல்லாம் செயலிகளும் அருகில் இருக்கின்றனவா என்பதை ஒத்திகை நடத்திப் பார்த்திருக்க வேண்டும் என்பதே அதன் பாடம்.

மீண்டும் கேட்பதில் ஒழுங்கு

தோற்ற இணைப்பை உடனே மீண்டும் முயல்வது இயல்பான உந்துதல்; ஆயிரம் செயலிகள் ஒரே கணத்தில் அவ்வாறு முயன்றால், எழுந்து நிற்கத் தொடங்கிய சர்வர் மீண்டும் விழுகிறது. 2025 ஏப்ரல் 12 அன்று நாடெங்கும் யூபிஐ பணப்பரிமாற்றம் பல மணி நேரம் தடைபட்டதற்கு, பரிவர்த்தனையின் நிலையைக் கேட்கும் கோரிக்கைகளைச் சில வங்கிகள் மீண்டும் மீண்டும் அனுப்பி வெள்ளமாக்கியதே காரணம் என அதை நடத்தும் என்பிசிஐ தன் ஆய்வில் கண்டது. அதன்பின் அத்தகைய கோரிக்கைகளின் எண்ணிக்கைக்கு வரம்பும் விதித்தது. முதல் தோல்விக்குப் பின் அரை நொடி, அடுத்து ஒரு நொடி, பிறகு இரண்டு நொடி என இடைவெளியை இரட்டித்துக்கொண்டே சென்று, எல்லாரும் ஒரே கணத்தில் வராதபடி அதில் சிறிது தற்செயலையும் கலந்து, சில முயற்சிகளுக்குப் பின் கைவிடுவதே இதற்குரிய ஒழுங்கு. எழுதும் கோரிக்கைக்கு இன்னொரு காப்பும் வேண்டும். இணைப்பு அறுந்தபோது எழுத்து நிறைவேறியதா இல்லையா என்பது செயலிக்குத் தெரியாது. ஆகையால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் இட்டு, அதே எண் இரண்டாம் முறை வந்தால் பணத்தையோ படுக்கையையோ மீண்டும் எடுக்காமல் பழைய விடையையே தரும்படி தரவுத்தளத்தில் ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

வாசலில் நிற்கும் வரிசை

தரவுத்தளத்துக்கு வெளியே, வாசலிலேயே கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது இவ்விதிகள் எல்லாவற்றுக்கும் முந்தியது. தட்கல் திறந்த முதல் 5 நிமிடங்களில் வரும் உள்நுழைவு முயற்சிகளில் பாதி வரை தானியங்கி நிரல்களுடையவை என ரயில்வே கண்டறிந்து, அவற்றை வடிகட்டும் ஏற்பாடுகளைச் செய்தது. 2025 ஜூலையிலிருந்து இணையவழித் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியதும், முதல் அரை மணி நேரம் முகவர்களை விலக்கியதும் நிர்வாக முடிவுகளாக இருப்பினும், தரவுத்தளத்தின் பார்வையில் அவையும் சுமை மேலாண்மையே. அவை தடுக்கும் ஒவ்வொரு போலிக் கோரிக்கையும், உள்ளே ஓர் இணைப்பைப் பிடிக்காமலேயே முடிந்துவிடுகிறது.

இவை பெருநிறுவனங்களுக்கு மட்டும் உரியவை அல்ல. இராஜபாளையத்துப் பஞ்சாலையின் கணக்கு மென்பொருளானாலும், மருத்துவமனையின் டோக்கன் செயலியானாலும், கல்லூரியின் தேர்வு முடிவுத் தளமானாலும், பூலில் எத்தனை இணைப்புகள் வேலையில் உள்ளன, எத்தனை பேர் இணைப்புக்காகக் காத்திருக்கின்றனர், ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் பிடித்து வைக்கின்றனர் என்னும் மூன்று எண்களை நிர்வாகி நாள்தோறும் பார்த்துவந்தால், கூட்டம் வரும் நாளுக்கு முன்பே குறை எங்கே என்பது தெரிந்துவிடும். காத்திருப்போர் எண்ணிக்கை ஏறும்போது பூலைப் பெரிதாக்குவதற்கு முன், பிடித்து வைக்கும் நேரம் ஏன் நீண்டது எனப் பார்ப்பதே முதல் வேலை. பெரும்பாலும் குறியீட்டு அட்டவணை (இண்டெக்ஸ்) இல்லாத ஒரு வினவலோ, வெளிச் சேவைக்காகக் காத்திருக்கும் ஒரு பரிவர்த்தனையோ அங்கே அகப்படும்.

நிமிடத்துக்கு 1.5 இலட்சம் டிக்கெட் என்னும் திறன் வந்தாலும், பொங்கலுக்கு முந்தைய இரவு பொதிகையில் ஒரு படுக்கைகூட அதனால் கூடப்போவதில்லை. இடம் கிடைக்காதோர் அன்றும் பல ஆயிரம் பேர் இருப்பார்கள். அவர்களுக்கு 'இடம் இல்லை' என்னும் உண்மையை ஓரிரு நொடியில், பணம் எதுவும் பிடிக்கப்படாமல், சொல்லிவிட்டால் அவர்கள் பேருந்துக்கோ மற்றொரு வண்டிக்கோ நேரத்தோடு மாறிக்கொள்ள முடியும். தரவுத்தள இணைப்புகள் சரியாக ஆளப்பட்ட அமைப்பை அடையாளம் காண்பதற்கு, டிக்கெட் கிடைத்தவர்களைவிட அவர்களுடைய அனுபவமே நம்பகமான அளவுகோல்.